தேடினால் முதலில் வருகிறவன்

வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ள, தம்பியும் நானும் ஒரே வகுப்பில்தான் சேர்ந்தோம். பத்து பாகாட் என்ற ஊரில் நான் வேலை பார்த்த தையல் தொழிற்சாலையில் ஆள்குறைப்பு செய்திருந்தார்கள். என்னைவிட ஆறு வயது இளையவனான தம்பி, ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தான். அவனுடைய வேலை பெர்மிட்டை அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு என் வாடகை வீட்டுக்கே வந்துவிட்டான். அம்மாவும் அப்பாவும் சாஆ என்ற சிற்றூரில், செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேலையில்லாமல் இருக்கிறோம் என்பதை அவர்களிடம் பாதிதான் சொல்லியிருந்தோம்.

திரைத்துணிக் கடை ஒன்றின் மாடியில் சனி, ஞாயிறு காலைகளில் வகுப்பு. பக்கத்துக் கட்டடம், சூப்புக்கு விற்கும் பறவைக்கூட்டுக்காகக் குருவிகளுக்கு விடப்பட்டது. சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சின்னச் சின்னத் துளைகள் மட்டும் விட்டிருந்தார்கள். பறவைகளை வரவழைக்க, பதிவு செய்த பறவைச் சத்தம் ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் நாள் அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து நானே எழுந்து போய் சன்னலைச் சாத்திவிட்டு வருவேன்.

சொல்லிக்கொடுத்த சார் எங்கள் ஆள்தான். சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

“வெப்சைட் அழகா இருந்தா மட்டும் போதாது லா. தேடுறவங்க கண்ணுல படணும். தேடுனா வராத கடை, பூட்டுன கடைதான்” என்றார்.

எனக்குக் கணினியில் சம்பளப் பட்டியல் அடிக்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு பக்கத்துக்குத் தலைப்பு எப்படி வைப்பது, படத்துக்கு எழுத்தில் விளக்கம் ஏன் கொடுப்பது, மக்கள் எந்தச் சொல்லை அடித்துத் தேடுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றேன். தேடும்போது பக்கத்தின் பெயருக்குக் கீழே இரண்டு வரி வருமே, அதை நாமே எழுதி வைக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்தைத் திறந்தால் அந்த வரிகள் கண்ணுக்குத் தெரியாது. தேடுகிறவர் மட்டும் பார்ப்பார்.

வீட்டுப்பாடமாக ஆளுக்கொரு வெப்சைட் கட்டச் சொன்னார். நான் என் தையலைப் பற்றிக் கட்டினேன். தம்பி தன்னைப் பற்றியே கட்டினான். படம், படிப்பு, தெரிந்த மொழிகள், ‘வேலைக்குத் தயார்’ என்று பெரிய எழுத்து, கீழே தொடர்புக்கு ஒரு பெட்டி. பத்து பாகாட்டில் வெப்சைட் செய்யும் தமிழ் ஆள் வேண்டும் என்று யார் தேடினாலும் அவன்தான் முதலில் வர வேண்டும் என்று தினமும் உட்கார்ந்து திருத்தினான். வகுப்பு முடிவதற்குள் வந்தும்விட்டான். சார் எல்லோருக்கும் முன்னால் அவன் பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். தம்பி தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெட்டி வழியாக அவனுக்கு வந்த முதல் செய்தி தாய்லாந்திலிருந்து வந்தது. ஒரு நிறுவனத்துக்கு வெப்சைட் செய்யவும் தேடலில் மேலே கொண்டுவரவும் ஆள் வேண்டுமாம். தமிழும் மலாயும் தெரிந்திருந்தால் நல்லதாம். தங்க இடம், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. போனில் ஒரு பெண் மலாயில் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

மறுநாள் மத்தியானம் அவன் குளிக்கப் போயிருந்தபோது அந்த நிறுவனத்தின் வெப்சைட்டைத் திறந்தேன். சந்தேகப்பட்டு அல்ல, புதிதாகத் தையல் கற்றவள் கண்ணில் படுகிற சட்டையையெல்லாம் புரட்டித் தையலைப் பார்ப்பாள் இல்லையா, அது மாதிரி. பக்கத்தின் உள்பக்கத்தை, அதாவது எழுதிய குறிகள் தெரியும்படி, திறந்து பார்த்தேன். விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் ஏதோ ஊர் பல் மருத்துவமனையின் பெயர் இருந்தது. யாருக்கோ செய்ததை எடுத்து மேலே மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பல வருட அனுபவம் என்று போட்டிருந்தது. வெப்சைட் முகவரி பதிவானதோ போன மாதம். ‘எங்கள் குழு’ என்று சிரித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவரின் படத்தைத் தேடினால், வேறொரு நாட்டுச் சோபாக் கடை விளம்பரத்தில் அதே சட்டையோடு நின்றார்.

தம்பி தலை துவட்டிக்கொண்டு வந்தான். காட்டினேன்.

“அக்கா, எல்லாரும்தான் ரெடிமேட் டிசைன் எடுக்குறாங்க. சாரே அப்படித்தானே சொல்லிக் குடுத்தாரு?”

“பல் ஆஸ்பத்திரி பேர் கெடக்குதுடா உள்ள.”

“அதாங்கா. அவங்க சைட்டு நல்லா இல்ல. அதனாலதானே என்னைக் கூப்பிடுறாங்க?”

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். கடைசித் தடவை கோபத்தோடு, “நீ தச்சுக்கிட்டே இரு, எனக்கு வந்ததையும் பிரிச்சுப் பாக்காத” என்றான். அம்மா சாஆவிலிருந்து நெத்திலி சம்பால் செய்து பாட்டிலில் போட்டு அனுப்பினார்கள். விமான நிலையத்துக்குப் பேருந்து ஏற்றிவிட்டேன். சன்னல் வழியாகக் கையாட்டினான்.

பேங்காக் போய்ச் சேர்ந்ததும் விடுதி அறையின் படம் வந்தது. அதற்கடுத்த நாள் காலை, ‘கிளை ஆபீஸுக்குக் காடியில போறோம்கா’ என்று எழுதி, காரில் இருந்தபடியே, இருக்கும் இடத்தை வரைபடத்தில் அனுப்பினான். சாயந்திரம் மறுபடி அனுப்பினான். அந்தப் புள்ளி நகரத்தை விட்டு மேற்கே, எல்லைப் பக்கம் வெகுதூரம் போயிருந்தது. சுற்றி ஊர் பெயர் ஒன்றும் இல்லை. ஓர் ஆறு மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த செய்திகள் அவனுடையவை அல்ல. அவன் எனக்கு எப்போதும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பான், பாதிச் சொல்லை முழுங்கிவிட்டு. இப்போது வந்தவை சுத்தமான மலாய். ‘நான் நலமாக இருக்கிறேன். வேலை நன்றாக உள்ளது. கவலைப்பட வேண்டாம்.’ முற்றுப்புள்ளியெல்லாம் சரியாக இருந்தது. போன் பண்ணினால் எடுப்பதில்லை. நான் எதைக் கேட்டாலும் பதில் அதே மூன்று வரிதான். பிறகு அதுவும் நின்றது.

போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தேன். எழுதிக்கொண்ட அதிகாரி, அவன் போன விதத்தை நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். இதே கதையை அவர் முன்பே கேட்டிருக்கிறார். புகாரின் நகலைக் கொடுத்து, வெளியுறவு அமைச்சுக்கும் அனுப்பச் சொன்னார். அம்மாவிடம், அங்கே லைன் சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது தினமும் காலையில் அவன் பக்கத்தைத் தேடிப் பார்ப்பேன். இன்னும் முதலில்தான் வருகிறானா என்று. வந்தான். அதில் ஒரு மூடத்தனமான ஆறுதல் இருந்தது. ஒரு காலையில் பெயருக்குக் கீழே இருந்த இரண்டு வரி மாறியிருந்தது. ஆங்கில எழுத்தில், பாதிச் சொல்லை முழுங்கிய தமிழ்.

‘அக்கா நல்ல எடம் இல்ல. வெளிய விட மாட்றாங்க. அம்மாட்ட சொல்லாத.’

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே சிரித்த படம், ‘வேலைக்குத் தயார்’. ஒன்றுமே மாறவில்லை. தேடலில் மட்டும் அந்த வரி.

கணினியைத் தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன். வகுப்பு இல்லாத நாள். அவர் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். படித்தார். “அலமாக், ஐயோ” என்று மெல்லச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

“மா, இது இப்ப எழுதுனது இல்ல. தேடுபொறி வந்து எடுத்துட்டுப் போக நாளாகும். எப்ப எழுதுனான்னு தெரியாது.”

“அப்ப இப்ப எப்படி இருக்கான்?”

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். “முதல்ல இத எடுத்துருவோம். நீ தேடிப் பாத்த மாதிரி அவங்களும் தேடிப் பாப்பாங்க” என்றார்.

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. கண்ணில் படுவதற்காகவே எல்லாவற்றையும் கற்றிருந்தேன். மறைப்பது எப்படி என்று அன்றுதான் கற்றேன். ஒரு பக்கத்தின் தலையில், இதைச் சேர்க்காதே என்று தேடுபொறிக்கு ஒரு வரி எழுதி வைக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி வைக்காமல் விட்டால், முகவரி தெரிந்தவன் மட்டுமே வருவான். எங்கள் இரண்டு பேரின் வெப்சைட்டும் ஒரே கணக்கில் இருந்தன. இரண்டுக்கும் கடவுச்சொல் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் எழுதிய வரியை அழித்துப் பழையதைப் போட்டேன். அவன் உள்ளே வந்தால் பார்க்கிற இடத்தில் ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து, ஆங்கில எழுத்துத் தமிழில், ‘பாத்துட்டேன். இங்க எழுது. எந்த எடம்?’ என்று வைத்தேன்.

பல நாள் வெறுமையாகவே இருந்தது. பிறகு ஒரு மத்தியானம் சில சொற்கள் வந்தன. நாலாவது மாடி. சன்னலுக்குக் கம்பி. எதிரே ஆறு, அக்கரையில் மஞ்சள் கூரை. கேட்டில் சிவப்பு எழுத்து. நம்ம நாட்டு ஆளுங்க நெறய. அடிக்கிறாங்க. நான் படித்து, எழுதிக்கொண்டு, உடனே அழித்தேன். நான் அழித்ததை அவன் பார்க்கும்போது அக்கா படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வான். எல்லாவற்றையும் போலீஸுக்கும் அமைச்சுக்கும் அனுப்பினேன்.

பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. நான் கடைசியாக எழுதிய, ‘சாப்ட்டியா’ என்ற ஒரு சொல் அப்படியே இருந்தது. அவன் படித்து அழித்துவிட்டானா என்று தினமும் போய்ப் பார்ப்பேன். அழிக்கப்படாமல் இருக்கும்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் அதிகாரி போன் பண்ணினார். அங்கே சில கட்டடங்களைச் சோதனை போட்டு, ஆட்களை ஆற்றுக்கு இந்தப் பக்கம், தாய்லாந்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்; அதில் தம்பி இருக்கிறான் என்றார். நான் அனுப்பிய தகவல் பயன்பட்டதா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். விமான நிலையத்தில் அவனைப் பார்த்தபோது அம்மா முதலில் அடையாளம் காணாமல் அவனைத் தாண்டிப் போய்த் தேடினார்கள். இடது காது அவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஏன் என்று அவனாகச் சொல்லும் வரை கேட்பதில்லை என்று முடிவு செய்தோம்.

இப்போது அவனுக்குப் பெக்கான் நானாஸ் ஊரில் அன்னாசிப் பழம் லாரியில் ஏற்றும் வேலை. போனை வைத்துக்கொள்வதில்லை. கணினி இருக்கும் அறைக்குள் வருவதில்லை. அவனுடைய வெப்சைட்டை அவன் சொல்லித்தான் எடுத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். டீக்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது, அவனாகவே கேட்டான்.

“அங்க எனக்கு என்ன வேலன்னு நீ கேக்கவே இல்லையேக்கா?”

“சொல்லணும்னா சொல்லு.”

“மத்தவங்கள ஆன்லைன்ல காசு ஏமாத்த வெச்சாங்க. நான் அங்க ஆள் எடுக்குற பக்கம் கட்டுனேன். தமிழ்ல. நம்ம ஆளுங்க என்ன சொல்லு அடிச்சுத் தேடுவாங்கன்னு எனக்குத்தான் தெரியுமே. சாஆ, சிகாமட், குளுவாங்னு ஊர் பேர் போட்டு எழுதுனேன். மேல வரலன்னா அடி.” கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “நல்லா செஞ்சேங்கா. அதான்.”

வீட்டுக்கு வந்து, தோட்டத்துப் பக்கத்து வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவன் எப்படித் தேடுவானோ அப்படித் தேடினேன். அவன் கட்டிய பக்கம் முதல் வரியிலேயே வந்தது. நல்ல தமிழ். கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. புகார் செய்தேன், எடுத்தார்கள். அடுத்த வாரம் அதே எழுத்து வேறு முகவரியில் நின்றது.

அதனால் நானே ஒரு பக்கம் எழுதினேன், அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்து, போகாதீர்கள் என்று. என்ன நடக்கும் என்பதையும், போவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதினேன். அதை அச்செடுத்துத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். என்னிடமிருந்து பேனாவை வாங்கித் தலைப்பில் இரண்டு சொல்லை அடித்து, வேறு இரண்டு சொல் எழுதினான்.

“இப்படித்தான் தேடுவாங்க” என்றான்.

மாற்றிய பிறகு என் பக்கம் மூன்றாவது இடத்துக்கு வந்திருக்கிறது. முதலில் இன்னும், அங்கே அவன் எழுதியதுதான் வருகிறது.