காஜா அக்காவின் கிட்னி விவகாரம்

காஜா அக்காவின் கிட்னி போய்விட்டது என்ற செய்தி காலையில் தையல் கூடத்துக்குள் நுழைந்தபோது, போயிருந்தது ஒன்றுதான். டீ வருவதற்குள் இரண்டாவதும் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது, கிட்னி போனதற்குக் காரணமே தெருமுனை கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாதான் என்று முடிவாகியிருந்தது. அக்காவின் மாத்திரை டப்பாவை அவர் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். அந்த மாத்திரைகளைத்தான் இனி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கப்போகிறாராம். கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு இதைச் சொன்னார். அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதைத்தான் அந்தக் கூடத்தில் சந்தேகப்படுவார்கள். கீழே வைத்துவிட்டுச் சொன்னால் அது சத்தியம்.

இருந்தாலும் கிட்னி என்பது ஒரு மனுஷி அரை நாள் வேலைக்கு வராததற்குள் காணாமல் போகிற சாமான் இல்லை. விசாரித்துப் பார்க்கத்தான் வேண்டும். விசாரித்ததில், டப்பா பிடுங்கப்பட்டது மட்டும் முக்கால்வாசி உண்மை. மற்றதைச் சொல்ல அந்த டப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காஜா அக்காவுக்கு வேறொரு பெயர் உண்டு. அது சம்பளம் போடுகிறவருக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரியும், வீட்டுக்காரருக்கும் சில சமயம் மறந்துபோகும். கல்யாணமான புதிதில் அந்தக் கூடத்துக்கு வந்தவள், காஜா மெஷினில் உட்கார்ந்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டைக்குக் காஜா என்று பெயர். ஊரில் பாதிப் பேர் மார்பை மூடிக்கொண்டு நடமாடுவது அவள் தயவால்தான்.

அவளுடைய நிஜமான வித்தை காஜாவில் இல்லை, பொத்தானில் இருந்தது. பழைய சட்டையைக் கொண்டுவந்து, ஒரு பொத்தான் காணோம் என்று யாராவது நின்றால், அக்கா தன் டப்பாவைத் திறப்பாள். பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் அட்டை வைத்துத் தடுத்த அறைகள். ஒருபோதும் அதே பொத்தான் கிடைக்காது, அதன் தம்பி மாதிரி ஒன்று கிடைக்கும். அவள் என்ன செய்வாள் என்றால், சட்டையின் அடிப் பொத்தானைப் பிரித்து எடுத்து நெஞ்சுக்கு நேரே தைத்துவிட்டு, டப்பாவில் கிடைத்த தம்பியை அடியில் வைப்பாள். கால்சட்டைக்குள் போகிற பொத்தானை யார் பார்க்கப் போகிறார்கள். சட்டைக்காரர் சந்தோஷமாகப் போவார்.

இந்த டப்பாவில் மாத்திரை எப்படி வந்தது என்பதும் அந்தக் கூடத்தின் குணத்தால்தான். தையல்காரர்கள் எதையும் வீசமாட்டார்கள். கை அகலத் துணி மிஞ்சினாலும் ஒரு பைக்கு ஆகும் என்று எடுத்து வைப்பவர்கள், காசு கொடுத்து வாங்கிய மாத்திரையை எப்படி வீசுவார்கள். ஒருவருக்குத் தொண்டைக்கு மருந்து எழுதிக் கொடுத்தால், தொண்டை சரியான அன்றே சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். மிச்சம் அக்காவிடம் வரும். மாஸ்டர் அந்த அட்டைகளைக் கத்தரியால் ஒற்றை ஒற்றையாக வெட்டி, ஓரத்தையும் ஒழுங்காக நறுக்கித் தருவார். ஓரம் வெட்டாமல் எதையும் உள்ளே வைக்க அவருக்கு மனசு வராது. மருந்தின் பெயரும் காலாவதியாகும் தேதியும் அந்த ஓரத்தில்தான் அச்சாகியிருந்தன என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறம்தான் இருக்கிறதே.

ஆக, சிவப்பும் கறுப்புமானது காய்ச்சலுக்கும் எரிச்சலுக்கும், மஞ்சள் வயிற்றுக்கு, நீளமான வெள்ளை தொண்டைக்கு என்று ஒரு சாஸ்திரம் அங்கே நிலைபெற்றது. யாருக்காவது முழு வரிசைக்குப் போதவில்லை என்றால் அக்கா பொத்தானுக்குச் செய்ததையே செய்வாள். நல்லதை முதலில் கொடுத்துவிட்டு, நிறம் ஒத்துப்போகிற வேறொன்றைக் கடைசியில் சேர்ப்பாள். கடைசி மாத்திரை கால்சட்டைக்குள் போகிற பொத்தான்.

போன மழைக்கு மாஸ்டருக்குச் சளியும் இருமலும் வந்தது. கிளினிக்குக்குப் போனார். டாக்டரம்மா மார்பில் குழாய் வைத்துக் கேட்டார், தொண்டையைப் பார்த்தார், இது தானாகச் சரியாகும், இருமல் மட்டும் கொஞ்ச நாள் இழுக்கும், மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் ஏறினாலோ உடனே வாங்க என்று அனுப்பிவிட்டார். மாஸ்டர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். மருந்து இல்லாத டாக்டர், துணி இல்லாத தையல்காரன் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா டப்பாவிலிருந்து சிவப்பு கறுப்பு எடுத்துக் கொடுத்தாள். வாரக் கடைசியில் இருமல் நின்றது. அன்றோடு அந்தக் கூடத்தில் டாக்டரம்மாவின் மானம் போயிற்று, டப்பாவின் மானம் ஏறிற்று.

இப்போது அக்காவின் விஷயம். கூடத்திலேயே ஒரு கழிப்பறை உண்டு. அதற்குள் லைனிங் துணி மூட்டைகளை அடுக்கி முதலாளி பூட்டியிருந்தார். போக வேண்டுமென்றால் படியிறங்கி, பின்கட்டுக்குப் போய், மற்ற கடைக்காரர்களுக்கும் பொதுவான ஒன்றின் வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அக்கா ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் வரை வாயை நனைப்பதோடு சரி. வந்த அவசரத்தையும் அடக்கி வைப்பாள்.

சிறுநீர் கழித்தால் எரிந்தது. டப்பா இருக்கவே இருக்கிறது. சிவப்பு கறுப்பு சில சாப்பிட்டாள், எரிச்சல் அடங்கியதும் மிச்சத்தை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள். அடங்கினது மறுபடி வந்தது. மறுபடி சாப்பிட்டாள், மறுபடி நிறுத்தினாள். மூன்றாம் முறை வந்தபோது சரக்கு போதவில்லை. நிறம் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். இந்த முறை எரிச்சல் அடங்கவில்லை. விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு வலி பிடித்தது, கூடவே பல் கிட்டிக்கொள்கிற குளிர் காய்ச்சல்.

அக்கா பயந்தது காய்ச்சலுக்கு இல்லை. அவளுடைய நாத்தனார் வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் அவள். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் உள்ளே வருவதை நாத்தனார் பார்க்கமாட்டாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். முதுகில் அந்த வலி வந்ததும் அக்காவுக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். இரண்டு போர்வைக்குள் அவள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு அவர் அதிகம் பேசவில்லை.

"ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தாம வண்டி ஓட்டியிருக்க. எழுந்திரு, போலாம்."

கிளினிக்குக்குப் புறப்படும்போது அக்கா டப்பாவையும் பையில் வைத்துக்கொண்டாள். மருந்தே கொடுக்காத டாக்டர். கையிருப்பைக் காட்டினால் அதிலிருந்து ஒன்றையாவது எடுத்துக் கொடுப்பார் என்று ஒரு கணக்கு.

டாக்டரம்மா அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்து, முகக்கவசத்துக்கு மேலே கண் கலங்கியிருந்தது. தனக்கு வந்த சளியையே விரட்டத் தெரியாதவரிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். முதுகில் டாக்டரம்மா லேசாகத் தட்டிய இடத்தில் அவள் துள்ளினாள். என்ன மருந்து சாப்பிட்டீங்க என்ற கேள்விக்கு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள், நகைப்பெட்டியைத் திறப்பதுபோலத் திறந்தாள்.

டாக்டரம்மா ஒரு பழைய செய்தித்தாளை விரித்து மாத்திரைகளை மட்டும் பொறுக்கி அதில் போட்டார்.

"இதுல எதைச் சாப்பிட்டீங்க?"

"அந்தச் செவப்பு கறுப்பு."

"எல்லாம் ஒரே மாத்திரையா?"

"பத்தலைங்க. ஜோடி பார்த்துச் சேர்த்துக்கிட்டேன்."

"எதை வச்சு ஜோடி பார்த்தீங்க?"

"நிறத்தை வச்சுத்தான். வேற எதை வச்சுப் பார்ப்பாங்க?"

டாக்டரம்மா ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரையின் மேலேயே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. "இது முடி வளர்றதுக்குச் சாப்பிடற விட்டமின் அக்கா. இதையா காய்ச்சலுக்குச் சாப்பிட்டீங்க?"

"அதான் பார்த்தேன்," என்றார் வீட்டுக்காரர். "பின்னல் கொஞ்சம் தடிச்ச மாதிரி இருந்துச்சு."

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அறையை விட்டே போயிருக்க வேண்டும். போகவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. முதலில் சிறுநீர் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும், அதில் இருக்கிற கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்ப்பார்கள், அதற்குச் சில நாள் ஆகும் என்றார். முடிவு வரும்வரை சாப்பிட வேறு மாத்திரை எழுதினார். வாந்தி எடுத்து மருந்து உள்ளே தங்காமல் போனாலோ, குளிர் அதிகமானாலோ யாரையும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். கிட்னிக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் கிருமியைப் பாதி அடிச்சு விட்டிருக்கீங்க. அடி வாங்கித் தப்பிச்சது அந்த மருந்தை அடையாளம் வச்சுக்கிட்டுத் திரும்பி வருது."

"என் கிட்னி?"

"ரிசல்ட் வரட்டும் அக்கா."

அந்த 'வரட்டும்' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் அக்கா வீட்டுக்கு நடந்தாள். டப்பா டாக்டரம்மாவின் மேசையிலேயே இருந்தது. மாத்திரைகளைப் பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டுப் பொத்தானோடு தருகிறேன் என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

வதந்தி பிறந்த இடம் இதற்கு அடுத்தது. வீட்டுக்காரர் மாஸ்டருக்குப் போன் செய்து, கிட்னிக்கு டெஸ்ட் எழுதியிருக்காங்க, டப்பாவை டாக்டர் வாங்கி வச்சிருக்காங்க, வேலைக்கு வரமாட்டா என்று சொன்னார். மாஸ்டர் அதை அப்படியே கூடத்துக்குச் சொல்லியிருக்கலாம். பழக்கதோஷம், ஓரத்தை நறுக்கிவிட்டார். டெஸ்ட் போயிற்று, கிட்னி மட்டும் நின்றது. மற்றதைக் கூடம் தைத்துக்கொண்டது.

மருந்து சாப்பிட்டதில் காய்ச்சல் சற்றுத் தணிந்தது, வலி போகவில்லை. ரிசல்ட் வாங்கப் போன அன்று மாஸ்டரும் கூடவே வந்தார். டப்பாவை மீட்டுத் தருவதாகக் கூடத்தில் சபதம் செய்துவிட்டு வந்திருந்தார். டாக்டரம்மா அப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார். காகிதத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிய பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"கிட்னி நல்லா இருக்கு அக்கா. ரெண்டும்."

அக்கா திரும்பவில்லை. கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் தன் கைத்துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, டாக்டரம்மாவிடம், அவளுக்கும் உங்க சளி ஒட்டிக்கிச்சு போல என்றார்.

மற்றது விவரம். சிவப்பு கறுப்பு மருந்துக்கு அந்தக் கிருமி அசைந்து கொடுக்கவில்லை. போன தடவை எழுதியதற்கும் அரைகுறையாகத்தான் அடங்கியது. வேறொன்றுக்கு நன்றாக அடங்குகிறது என்று லேப் சொல்லியிருந்தது. டாக்டரம்மா அந்த மாத்திரைக்கு மாற்றி எழுதினார். உடம்பு தேறினாலும் நடுவில் நிறுத்தாமல் எழுதியபடி முடிக்க வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்றார். தண்ணீரும் குடிக்க வேண்டும், அவசரம் வந்தால் போகவும் வேண்டும்.

மாஸ்டருக்குச் சபதம் ஞாபகம் வந்தது. "எல்லாம் சரிதான். எனக்கு இருமல் வந்தப்போ ஒரு மாத்திரை தரலையே நீங்க?"

"எனக்கும் சளிதான் மாஸ்டர். நானும் எதுவும் சாப்பிடலை. இந்தச் சளிக்கு அந்தச் செவப்பு கறுப்பு மருந்து வேலை செய்யாது. உங்க இருமல் எப்படி நின்னுச்சு?"

"அக்கா குடுத்த மாத்திரையில," என்றார் மாஸ்டர், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

அக்கா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியிருந்தாள். "மாஸ்டர், உங்களுக்கு நான் குடுத்ததும் அந்தச் செவப்புலேர்ந்துதான். எது எதுன்னு இப்ப எனக்கே தெரியலை."

மாஸ்டரின் கை தானாக மேலே போய் வழுக்கையை ஒருமுறை தடவிப் பார்த்தது. ஏமாற்றத்தோடு இறங்கியது.

கிளினிக் வாசலில் இருந்த குழாயடியில் அக்கா நின்று தண்ணீர் குடித்தாள். டம்ளர் டம்ளராகக் குடித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வீட்டுக்காரர், வண்டிக்குத் தண்ணி ஊத்துறோம், கொஞ்சம் பொறுங்க என்று அவர்களிடம் சொன்னார்.

கொடுத்த மாத்திரையை அவள் ஒன்று விடாமல் சாப்பிட்டு முடித்தாள். முடித்துவிட்டு அட்டையைக் கசக்கித் தானே குப்பையில் போட்டாள். அந்தக் கூடத்தின் சரித்திரத்தில் ஒருவர் மாத்திரை அட்டையைக் காலியாக வீசியது அதுதான் முதல் தடவை. டப்பாவை அவள் கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது அதில் பொத்தான்கள் மட்டும் இருந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று அவள் மேசைமேல் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருந்தது. கூடத்துக் கழிப்பறையிலிருந்த லைனிங் மூட்டைகளை மாஸ்டர் ஆள் வைத்துத் தூக்கி முதலாளியின் அறையில், முதலாளியின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் அடுக்கியிருந்தார். முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லவில்லை என்றார். கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் இல்லை. ஆகவே உள்ளே ஒருவர் போனால் வெளியே ஒருவர் காவல் நிற்பது என்று ஏற்பாடாயிற்று. காவல் நின்றவர் போகிறபோது, முன்பு உள்ளே போனவர் அவருக்கு நிற்க வேண்டும்.

பாட்டிலைக் காலி செய்கிறவள் என்பதால் அக்கா அடிக்கடி போனாள். மாஸ்டர்தான் நின்றார். நிற்கிற நேரத்தில் சும்மா நிற்காமல் உரக்கப் பாடினார். யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்பதற்காகப் பாடுகிறேன் என்பது அவர் வாதம். பாட்டைக் கேட்டுத்தான் பக்கத்துக் கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்க்கிறார்கள், அந்தக் காவல் கணக்கில் சேராது என்பது அக்காவின் வாதம்.

"எத்தனை தடவை நின்னிருக்கேன். ஒரு தடவைகூட நீ எனக்கு நிக்கலை."

"பாடாம ஒரு தடவை நில்லுங்க மாஸ்டர். அதுக்கு நான் நிக்கிறேன்."

அவரால் பாடாமல் இருக்க முடியவில்லை, அவள் இன்னும் நிற்கவில்லை. மாஸ்டர் படியிறங்கிப் பின்கட்டுக்குத்தான் போய்வருகிறார்.