யூதாஸ் டாக்டர்

எங்கள் ஊர் வேதக்காரர்களுக்கு யூதர் என்றால் பைபிளோடு முடிந்துபோன ஜனம். ஆபிரகாமைத் தெரியும், மோசேயைத் தெரியும். அவர்களுடைய வாரிசுகள் பம்பாயில் டிராம் ஏறி வேலைக்குப் போகிறார்கள் என்பது தெரியாது. எனக்கும் தெரியாதுதான். ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி ஒரு டாக்டரம்மா வந்தார். பள்ளிக்கூட டீச்சரான நான் குடியிருந்த வீட்டின் மறுபாதியில் அவர் குடியேறினார். பழைய ஏற்பாட்டுப் பெயர் வைத்திருந்ததால் நம்ம ஆள் என்று எங்கள் சபையில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார். சனிக்கிழமைதான் வீட்டில் இருந்தார். தங்கள் முறைப்படி அறுக்க இங்கே ஆள் இல்லை என்று கறியே தொடுவதில்லை. சரிதான், அய்யரு வீட்டு வேதக்காரங்க போல என்று தெருவில் கேலி பேசினார்கள். நிலைக்காலில் சாய்வாக அடித்திருந்த சின்னக் குழலைத் தொட்டு முத்திக்கொண்டுதான் உள்ளே போவார். தாயத்தா என்று கேட்டேன். கடவுள் ஒருவரே என்ற வேத வார்த்தை அதற்குள் எழுதியிருக்கிறது என்றார். நாங்கள் யூதர், கடவுளுக்கு உருவம் இல்லை, மேசியா இன்னும் வரவில்லை, காத்துக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். வந்து போனவரை நம்புகிற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் இரண்டு விளக்கு ஏற்றுவார். அதிலிருந்து மறுநாள் இருட்டும்வரை ஓய்வுநாள். அடுப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது, வண்டி ஏறக்கூடாது, ஒரு நூலைக்கூட வெட்டக்கூடாது. எல்லா யூதரும் இப்படியா என்றால் இல்லையாம். இம்மி பிசகாமல் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. காலத்துக்கேற்ப மாற்றலாம் என்று ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து தொழுகிற புது ஆட்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களும் உண்டு. அவருடைய அப்பா முதல் ரகம், மாமா இரண்டாவது ரகம், பண்டிகைக்குப் பண்டிகை சண்டை. அவர்கள் முன்னோர் கப்பல் உடைந்து கொங்கணக் கரையில் ஒதுங்கிச் செக்காட்டிப் பிழைத்தவர்களாம். சனிக்கிழமை செக்கு ஓடாததால் ஊரார் வைத்த பெயர் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில் சபையிலிருந்து அவரைப் பாடம் வாசிக்கக் கூப்பிட்டார்கள். நான் யூதப் பெண் என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சொல் கோயிலைத் தாண்டுவதற்குள் யூதாஸ் ஆகிவிட்டது. யூதர் என்று யாரும் பேச்சில் சொல்லிப் பழகியதில்லை. ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எல்லோருக்கும் தெரிந்தவன். அப்புறம் அவர் பெயரே யூதாஸ் டாக்டர். எங்கள் ஆட்கள் அவரிடம் வைத்தியத்துக்குப் போவதையே நிறுத்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் எங்கள் பெரிய வெள்ளியும் அவர்களுடைய பஸ்கா பண்டிகையும் ஒரே நாளில் வந்தன. அன்று சாயங்காலம் ஊரின் மறுகோடியில் இருந்த என் அக்கா வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. அக்காவின் நாலு வயது மகனுக்குத் தொண்டை அடைப்பான். அக்கா வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ரயில் வேலையில் இருந்தார். நான் அடுத்த வாசலுக்கு ஓடினேன். இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. மேஜையில் பஸ்காவுக்கான புளிப்பில்லாத அப்பமும் கசப்புக் கீரையும். நூலை வெட்டாதவரிடம் இதை எப்படிக் கேட்பது?

கேட்டேன். குழந்தையின் உதடு நீலமாகிவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்து தெருமுனையில் நின்ற ஜட்காவில் ஏறினார். ஓய்வுநாளாச்சே என்றேன்.

"உயிர் போகுதுன்னா மீறலாம்னு இல்ல, டீச்சர். மீறணும். அதுதான் சட்டம்."

அக்கா வாசலை மறித்து நின்றாள். உள்ளே பிள்ளை மூச்சுக்கு இழுப்பது தெருவரைக்கும் கேட்டது. தொண்டையில் துளை போடவேண்டும், ஆஸ்பத்திரிவரை தாங்காது என்று டாக்டரம்மா சொன்னதை நான் அவளிடம் சொன்னேன்.

"ஏசுவைக் காட்டிக்குடுத்த ஜாதிகிட்ட, இன்னிக்குன்னு பாத்து, எம் புள்ள கழுத்தைக் காட்டச் சொல்றியா?"

"ஏசுவும் அந்த ஜாதிதான். மரியாளும் அந்த ஜாதிதான். அவங்க வந்தாலும் இப்புடித்தான் மறிச்சிக்கினு நிப்பியா?"

அக்கா அசையவில்லை. உள்ளே இழுப்பு நின்றது. அக்காவை ஒரே தள்ளாகத் தள்ளினேன். டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்தேன். தலையைப் பிடிக்க அவர் அக்காவையே கூப்பிட்டார். அவளும் வந்து பிடித்தாள். கத்தி இறங்கியது. ரத்தம், பிறகு புஸ் என்று காற்று. துளையில் குழாயைச் செருகியதும் பிள்ளை கண்ணைத் திறந்து வாயைப் பிளந்து அழுதான். சத்தமே வரவில்லை.

ஐயோ பேச்சைப் புடுங்கிட்டா என்று அக்கா அலறினாள். டாக்டரம்மா அவள் கையை இழுத்துக் குழாயின் வாயருகே வைத்தார். உள்ளங்கையில் சூடாக மூச்சு பட்டது. குழாயை எடுத்ததும் குரல் திரும்பும் என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. கையை மட்டும் எடுக்கவே இல்லை.

மறுநாள் முழுக்க டாக்டரம்மா அங்கேயேதான் இருந்தார். குழாய் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் துடைத்தார். ஒவ்வொரு தரமும் எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ்கா ஆசாரத்தால் எங்கள் சமையலில் எதையும் அவர் தொட முடியாது. வாழைப்பழமும் இளநீரும் போதும் என்றார். ஜுரம் இறங்காமல் பிள்ளை கிடந்தான்.

மத்தியானத்துக்கு மேல் அக்கா அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். தேம்பிக்கொண்டே கேட்டாள்.

"உங்க சாமிகிட்ட எம் புள்ளைக்காக வேண்டிக்கம்மா."

டாக்டரம்மா குழாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கு ஓய்வுநாள். அழுது கேக்கக்கூடாது. குணம் பக்கத்துல வந்துடுச்சு. நோயாளிக்காக நாங்க இன்னிக்கு இவ்ளோதான் சொல்லுவோம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் போய் உட்கார்ந்தாள். ஜுரம் சாயங்காலம் விட ஆரம்பித்தது. அப்போதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இருட்டி, மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் டாக்டரம்மா ஓய்வுநாள் முடிந்தது என்றார். அதற்குப் பிறகுதான் என் அக்கா வாய்விட்டு அழுதாள்.