வாயிற்காவலன் கல்யாணத்துக்குப் போன அத்தியாயம்

பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். நின்றுகொண்டு போனால் பாதிதான். கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதி, கதை படிக்கிற செயலி ஒன்றில் போடுவேன். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அண்ணன் எட்டாவதோடு நின்றுவிட்டான். படித்து முடித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டிலிருந்து எழுத்து என்று ஒன்று வெளியே போகிறது, முகம் தெரியாதவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. அதை மறைத்ததில்லை.

கதை மாயக்கதை. பூமிக்கு அடியில் அடுக்கடுக்காக ஒரு நாடு. மேலே வெளிச்சத்தைக் கையில் வைத்திருக்கும் அரசன். அடியில் நெருப்பைக் காக்கும் பழைய அரசி. இரண்டுக்கும் நடுவே ஒரு வாயிற்காவலன். அவன் குடும்பம் தலைமுறைகளாக அரசிக்கு வாக்குக் கொடுத்த குடும்பம். அவனுடைய ஒரே மகன் மேல் அரசனின் கொடியைத் தூக்குகிறான்.

இதை எங்கிருந்து எடுத்தேன் என்று எங்கள் லைனில், சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரும் கேட்க மாட்டார்கள். அப்பா தங்கச் சுரங்கம் மூடும்வரை தொழிற்சங்கத்து ஆள். மூடிய பிறகும் சங்கத்து ஆள். அவர் ஆயுசு முழுக்க எதிர்த்த கட்சியில் அண்ணன் சேர்ந்தான். நகரசபைத் தேர்தலின்போது எங்கள் லைனிலேயே வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தான். அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா, நம்ம வூட்டுக்கு கெடையாதா?" என்றார்.

"உனக்கு எதுக்குப்பா? சங்கம் சங்கம்னு இருந்தியே, இந்த வூட்டுப் பட்டா உன் பேருக்கு வந்துச்சா? இவங்க வாங்கித் தரேங்கறாங்க."

"போடா கருங்காலி."

ஸ்டிரைக்கின்போது கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினவனுக்கு இங்கே அந்தப் பெயர். செத்தாலும் போகாது. பெற்ற பிள்ளையை அப்படிக் கூப்பிட்ட வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. அண்ணன் துணிகளை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் ஒரு நண்பனின் அறைக்குப் போனான். அதன்பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் அப்பாவுக்குக் கதை படித்துக் காட்டுவேன். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேட்பார். அரசியின் சபை கூடினால் சங்கக் கூட்டத்தில் பேசுகிற மாதிரியே குறுக்கே பேசுவார். "ஓட்டெடுப்பு வைக்காம எப்புடி முடிவு பண்ணா? ராணின்னா பெரிய இவளா?" காவலனின் மகன் வருகிற இடத்தில் மட்டும் மோட்டுவளையைப் பார்ப்பார். ஒரு ஞாயிறு, "அந்தப் பையன் மேல அடுக்குல இன்னா துன்றான்?" என்று கேட்டார்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தப் பையன்?" என்றாள்.

"கதையில வர்ற பையன்தான். உன் வேலயப் பாரு."

அடுத்த அத்தியாயத்தில் காவலன், மேலேயிருந்து வந்த ஒரு சுமைகாரனிடம் அதே கேள்வியைக் கேட்டான். அதைப் போட்ட அன்றே அண்ணன் எனக்குச் செய்தி அனுப்பினான்: "மகன் ஓட்டல்ல சாப்பிடறான்னு சொல்லு. வயிறுதான் சரியில்ல." அண்ணன் என் கதையைப் படிக்கிறான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, மகனுக்கு வயிறு சரியில்லை என்று படித்தேன். அப்பா, "ஓமம் போட்டுக் குடிக்கச் சொல்லு," என்றார். காவலன் சொன்னான்.

இப்படியே பல மாதம் போனது. காவலன் வாயில் வருவதெல்லாம் அப்பாவின் பேச்சு, மகன் வாயில் வருவதெல்லாம் அண்ணனின் பேச்சு என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் வெளியே சொல்லவில்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவே போய்வரும் தூதர் மாதிரி நான் ரயிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணும் அவனும் விரும்பியது. ராபர்ட்சன்பேட்டையில் மண்டபம். அவன் கட்சித் தலைவர் மேடையில் தாலி எடுத்துக் கொடுப்பார் என்று பத்திரிகையில் அச்சாகியிருந்தது. பத்திரிகை வைக்க அண்ணன் வந்தபோது அப்பா எழுந்து பின்கதவு வழியாகப் போய்விட்டார்.

மாயக்கதை படிக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள். மலை நடந்தால் நம்புவார்கள். ஆனால் மகன் கொடி மாறினான் என்பதற்காக அப்பன் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை என்று எழுதினால் தாங்கமாட்டார்கள். எனக்கு வந்த பின்னூட்டங்களெல்லாம் ஒரே கெஞ்சல். காவலன் மனம் மாறட்டும், ரத்தம் ஜெயிக்கட்டும். நானும் அப்படித்தான் நம்பினேன். கட்சி என்பது மேலே போட்டிருக்கும் சட்டை, குடும்பம் அதன் கீழே இருக்கும் உடம்பு என்று.

அப்பா எதுவும் சொல்லாமலே அந்த அத்தியாயத்தை எழுதினேன். மேல் அரசனின் மண்டபத்தில் மகனுக்குக் கல்யாணம். காவலன் தன் சாவியைக் கழற்றி வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போகிறான். தன் கையால் தாலியை எடுத்துக் கொடுக்கிறான். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான், இப்போதும் சொல்வேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டும்வரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ரயிலிலேயே போட்டுவிட்டேன். அண்ணனிடமிருந்து "படிச்சேன் பாப்பா" என்று வந்தது, கும்பிடும் இரண்டு கைகளோடு. எழுத்தைப் பாராட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் படித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்தபிறகு, "சாவிய வச்சிட்டுப் போயிட்டானா?" என்றார்.

"ஆமாம்பா."

"அப்பறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு கீழ எறங்குவான்?"

"மகன்தானேப்பா."

அவர் கால்களை மடக்கி உட்கார்ந்தார். பெரியப்பாவைப் பற்றி அன்றுதான் முதன்முறையாகப் பேசினார். பெரிய ஸ்டிரைக் நடந்தபோது, குழந்தைக்கு மருந்து வாங்க வழியில்லாமல் அவருடைய அண்ணன் வேலைக்கு இறங்கிவிட்டார். அதன்பிறகு லைனில் யாரும் அவரோடு பேசவில்லை, அப்பாவும்தான். சில வருடம் கழித்து நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தபோது பாடை தூக்க லைனிலிருந்து ஒருவரும் போகவில்லை. கருங்காலி வீட்டுச் சாவுக்குப் போவதில்லை என்பது வழக்கம். மச்சான்மார் வந்து தூக்கினார்கள். அப்பா குழாயடியில் நின்று, பாடை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அண்ணன் சாவுக்கே போகாதவன் நானு. இப்ப புள்ள கல்யாணத்துக்குப் போனா, அன்னிக்கு எதுக்கு நின்னேன்? சொல்லு. நீதான் படிச்சவளாச்சே."

அவர் நின்றது சங்கத்துக்காகக்கூட இல்லை. தான் செய்த அந்தக் கொடுமை வீண் என்று ஆகிவிடக் கூடாது, அதற்குத்தான் அவர் விசுவாசமாக இருந்தார். இப்படி ஒரு விசுவாசத்தை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

கல்யாணத்தன்று அம்மாவும் நானும் மட்டும் போனோம். மண்டபத்தில் கட்சிக்காரர்கள் முகம் சுருங்கி நின்றார்கள். தலைவரின் நாற்காலி காலி. மணப்பெண்ணின் தம்பி என்னிடம் வந்து, "இன்னாக்கா உங்க அண்ணன் இப்புடிப் பண்ணிட்டாரு?" என்றான். முந்தின நாள் அண்ணன் தலைவர் வீட்டுக்குப் போய், எங்கப்பா வர்றாரு, அவரே தாலி எடுத்துக் குடுக்கட்டும், நீங்க வாழ்த்திப் பேசுங்க போதும் என்று சொல்லியிருக்கிறான். பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டுக் கடைசியில் தள்ளிவைத்தால் எந்தத் தலைவர் வருவார்? அவர் வரவில்லை.

மேடையில் அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புது வேட்டி ஒன்றை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான், அப்பாவுக்கு. ஐயர் நேரமாகிறது என்றார். அண்ணன் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். குனிந்தேன்.

"பஸ்ல வர்றாரா?"

"அண்ணா, அவரு வரல."

"காவலன் வந்தானே."

"அது நான் எழுதினது."

"அவரு சொன்னதுதானே நீ எழுதுவ?"

"இத மட்டும் நானே எழுதினேன்."

திட்டியிருந்தால் தேவலாம். "நல்லா எழுதியிருந்த," என்றான். பிறகு ஐயர் பக்கம் திரும்பி, "நீங்களே குடுங்க சாமி," என்றான். மேளம் தொடங்கியது. அம்மா பந்தியில் ஒரு வாய்கூட சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மாதான் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். உனக்காகத் தலைவரையே வேணாம்னு சொல்லிட்டான், இனி அந்தக் கட்சியிலும் அவனுக்கு இடம் இல்லை, இன்னும் இன்னா பண்ணணும் உன் புள்ள என்று அழுதாள். இப்போதாவது அவர் முகம் உடையும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா நிதானமாகக் கேட்டார். "கூடவே நின்ன ஆளுங்கள, மேடை வரைக்கும் கூட்டிக்கினு போயி கழட்டி வுட்டுட்டானா?"

அம்மா அழுகையை நிறுத்தினாள்.

"அப்ப அங்கயும் கருங்காலிதான்," என்றார். எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, சங்க ஆபீஸ் பக்கம் நடந்தார்.