ஏழு சுற்று பாக்கி

ஆறுமுகத்தாய்க்குப் பிடிவாதம் அதிகம் என்று சங்கரன்கோவிலில் அவள் தெருவே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். பிடிவாதம் இல்லாதவளாக இருந்தால், இல்லாத ஒரு படிப்பைத் தானே உண்டாக்கிப் படிக்கக் கிளம்பியிருக்க மாட்டாள்.

டிப்ளமோ முடித்து, மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் ஓவர்சியராக இருந்தாள். கிணறு, வாய்க்கால், குளத்துக்கரை என்று எஸ்டிமேட் போடுகிற வேலை. 1982 தொடக்கத்தில் பெருமாள்சாமி என்ற மானாவாரி விவசாயி, கிணற்றை ஆழப்படுத்த பேங்க் கடனுக்காக அவளிடம் வந்தார். அவள் போட்ட எஸ்டிமேட் பேங்க்காரருக்குப் புரியவில்லை. பேங்க்காரர் கேட்ட வரவு செலவுக் கணிப்பு அவளுக்குப் புரியவில்லை. மனுஷர் இரண்டு மேசைக்கும் நடுவில் ஐந்து மாதம் நடந்தார்.

"ஒங்களுக்கு அவுக பேசுதது வெளங்கல. அவுகளுக்கு நீங்க பேசுதது வெளங்கல. எங்கிணத்துல தண்ணி எப்படிம்மா ஊறும்?" என்று ஒருநாள் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

என்ஜினியரிங்கையும் காமர்ஸையும் சேர்த்துப் படித்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தாள். அப்படிச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற கல்லூரி அவளுக்குத் தெரிந்து எங்கும் இல்லை. இருந்தாலும் போக முடியாது. அம்மா பார்வதியம்மாள் விசைத்தறிக் கூடத்தில் நூல்தார் சுற்றிக் கொண்டுவரும் கூலியும் அவள் சம்பளமும்தான் வீடு. அதனால் என்ஜினியரிங்குக்கு வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிற ஏ.எம்.ஐ.இ. பரீட்சை ஒரு பக்கம், தபால் வழி பி.காம். ஒரு பக்கம் என்று தானே திட்டம் போட்டாள். ரோடு வேலைக்குப் போடுவதுபோல ஆறு வருஷத்துக்கும் தாளில் கட்டம் கட்டிக் கோடு இழுத்தாள். ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு நாளை மட்டும் சிவப்பு மையில் அடித்தாள். அன்றைக்கு எந்த வேலையும் நடக்காது.

"பாதி அது, பாதி இது. நம்ம சங்கரநாராயணர் மாதிரில்லா இருக்கு," என்று ஆபீஸ் மேனேஜர் சிரித்தார். சாமியைக் கேலி பண்ணிய பாவம் அவரோடு போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

படிப்பு கைகூட வேண்டும் என்று ஆடிச்சுற்றும் நேர்ந்துகொண்டாள். கொடியேறிய நாள் முதல் தபசுக்குள் கோயிலை நூற்றெட்டு முறை சுற்ற வேண்டும். தபசு அன்று காலை நூற்றொன்று ஆகியிருந்தது. பி.காம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் அன்றைக்குத்தான்.

கூட்டத்தில் தபால் ஆபீஸ் உச்சிமாகாளி பக்கத்தில் நடந்து வந்தார். "நாளைக்கு மதுரைக்குப் போறேன் அண்ணாச்சி. பாரத்தைக் கையிலயே குடுத்துட்டு வாரேன்," என்றாள்.

"கடைசித் தேதி என்னைக்கு?"

"இன்னைக்குத்தான். இன்னைக்கு லீவுல்லா, அதனால நாளைக்கு வாங்குவாங்க."

உச்சிமாகாளி நின்றேவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் இடித்துக்கொண்டார்கள். "லீவு நம்ம ஜில்லாவுக்குத்தான் தாயி. மதுரையில ஆபீசு தெறந்துல்லா இருக்கும்."

தபசு அன்றைக்கு உலகமே கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நம்பாத சங்கரன்கோவில்காரர் கிடையாது. படித்தவளும் நம்பினாள், அதுவும் சிவப்பு மையில் அடித்து நம்பினாள். ராயகிரி மாமா ஏற்கெனவே அவள் ஜாதகத்தோடு அலைந்துகொண்டிருந்தார். இந்த ஆடிக்குள் படிப்பில் சேர்ந்தால் கல்யாணப் பேச்சை நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் தையில் தாலி என்று சொல்லியிருந்தார். இன்றைக்கு விட்டால் எல்லாம் போயிற்று.

"ஏழு சுத்துதானட்டி. முடிச்சிட்டுப் போ," என்றாள் கூடவே நடந்து வந்த அம்மா.

அந்தக் கூட்டத்தில் ஒரு சுற்றுக்கு அரைமணி நேரம் ஆகும். மணி ஒன்பதரை ஆகிவிட்டது. "முடிச்சிட்டுப் போனா அங்கன ஆபீசைப் பூட்டிருவான்."

"அரைகொறையா விட்டா அம்மன் கோவிச்சுக்கிடுவாட்டி."

"சிவனையும் பெருமாளையும் ஒண்ணாப் பாக்கணும்னுதானம்மா அவளே ஒத்தக்கால்ல நின்னா. நானும் ரெண்டைத்தான் ஒண்ணாக் கேக்கேன். அவளுக்குப் புரியும்."

வீட்டுக்கு ஓடி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டாள். தபசுக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஊர் ஊராக ஜனம் உள்ளே வர, இவள் ஒருத்தி மட்டும் எதிரே முண்டிக்கொண்டு போனாள். வழி தவறியவள் என்று நினைத்து, "கோயில் அங்கிட்டு இருக்கு தாயி," என்று இரண்டு பேர் கையைப் பிடித்துத் திருப்பிவிடவும் பார்த்தார்கள். காலியாகத் திரும்புகிற பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் அவள் முகத்தையே பார்த்தான். "என்னக்கா, தபசு அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

ராஜபாளையத்தில் பஸ் மாறி, மதுரை ஆபீஸ் ஜன்னலில் நின்றபோது மணி நாலே கால். கோயிலுக்கு வந்த வெறுங்காலோடேயே மதுரை வரை வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

குமாஸ்தா தாளைப் புரட்டினார். "என்ஜினியரிங் டிப்ளமோ வச்சிருக்க. பி.காம். எதுக்கும்மா?"

"நான் எழுதுததை பேங்க்குல வாசிக்க ஆளில்ல சார்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் முத்திரை குத்தினார்.

அப்புறம் யூனியன் ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் காமர்ஸ், வருகிற பஸ்ஸில் என்ஜினியரிங் என்று வருஷங்கள் ஓடின. முதல் வருஷப் பாடத்தை வைத்தே பெருமாள்சாமியின் கணிப்பை பேங்க்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தாள். அவர் கிணறு ஆழமாயிற்று. 1985இல் பி.காம். முடிந்தது. என்ஜினியரிங்கில்தான் ஒரு பேப்பர் இரண்டு தடவை காலை வாரியது. போதும் என்று அவள் சோர்ந்து உட்காரும்போதெல்லாம் அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

"ஏழு சுத்து பாக்கி வச்சிருக்கேல்லா. பெறகு எப்படி வெளங்கும்?"

ஆறுமுகத்தாய்க்குச் சுருக்கென்று வரும். "ரெண்டையும் முடிச்சிட்டுத்தான் அந்த ஏழையும் சுத்துவேன்," என்று புத்தகத்தை மறுபடி எடுத்துக்கொள்வாள்.

1988 ஆடியில் கடைசி ரிசல்ட்டும் வந்தது. பாஸ். கொடியேறிய அன்றே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். உள்ளே போனதும் பார்வதியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்குட்டி சுத்தப் போற? நீ பஸ்ஸுக்கு ஓடுன அன்னைக்கே அந்த ஏழையும் நான் சுத்திட்டேன்."

ஆறுமுகத்தாய் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "பெறகு ஏம்மா ஆறு வருசமா பாக்கி, பாக்கின்னு சொன்ன?"

"முடிஞ்சிட்டுன்னு சொல்லியிருந்தா நீ ரெண்டாந் தடவ பெயிலானப்பவே புஸ்தகத்தைக் கட்டி வச்சிருப்ப."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. குனிந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"எந்திரிம்மா. ஒனக்காக ஏழு சுத்துவோம்."

முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் பார்வதியம்மாள் எழுந்தாள்.