திரேசா அக்காவின் நூறு கேலன்

பஞ்சலிங்கம் சார் ஒரு முடிவுக்கு வருவதற்குள் டெக்சாஸில் ஒரு பருவம் மாறிவிடும். கார் வாங்கப் பதினொரு மாதம் யோசித்தவர். அவர் தேர்ந்தெடுத்து முடித்தபோது அந்த மாடலே சந்தையில் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், சிவில் என்ஜினியர். மழைத்தண்ணீர் எந்த வழியாக வடிய வேண்டும் என்று டாலஸ் பக்கத்து ஊர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஊர்த் தண்ணீருக்கெல்லாம் வழி சொல்பவர், கடையில் ஷூ வாங்கப் போனால் வெறுங்கையோடு திரும்புவார்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆறு வருடம் ஒரே பஸ்ஸில் திரேசா அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். கடைசியில் ஒருநாள் அக்காதான் இறங்கும்போது, "ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டால் நாளையிலிருந்து வேற பஸ்ஸில வாங்கோ" என்றாராம். சார் சைவ சமயம், அக்கா கத்தோலிக்கம். இரண்டு வீட்டையும் பேசிச் சமாளித்ததும் அக்காதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு 1998 ஜூலையில், வீட்டிலேயே பியர் காய்ச்ச வேண்டும் என்று ஆசை வந்தது. எங்கள் வீடுகள் இருந்த காப்பெல்லிலிருந்து அலுவலகம் இருந்த லாஸ் கொலினாஸுக்கு நானும் அவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போய்வந்தோம், வாரம் ஒருவர் ஓட்டுவதாக ஏற்பாடு. அந்தப் பாவத்துக்கு ஐந்து மாதம், போக இருபத்தைந்து நிமிடமும் வர நாற்பது நிமிடமும், பியரைப் பற்றியே கேட்டேன். ஒரு சொட்டு கண்ணில் காட்டவில்லை.

முதல் தடவை காய்ச்சுபவருக்கு வழிகள் மூன்று. டப்பாவில் வரும் மால்ட் பாகை, அதாவது முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றை, வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் தூவி மூடி வைப்பது ஒன்று. கசப்புகூட அதிலேயே கலந்திருக்கும். வெறும் பாகை வாங்கி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை நாமே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பது இரண்டாவது. முளைகட்டிய பார்லியையே வாங்கி, உடைத்து, சூடு தப்பாமல் ஊறவைத்து, இனிப்பை வடித்தெடுப்பது மூன்றாவது. அதற்கு ஒரு சனிக்கிழமை முழுதாகப் போய்விடும். பியர் சாமான் விற்கும் கடைக்காரர், "முதல் தடவையா? இரண்டாவதைச் செய்" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். அரை நிமிடத்தில் கிடைக்கும் பதிலை பஞ்சலிங்கம் சார் நம்புவதில்லை.

"ஐசே, டப்பா எண்டுறது மிக்ஸ் பாக்கெட்டில தோசை சுடுற மாதிரி. வெட்கக்கேடு," என்பார், பெல்ட் லைன் ரோட்டில் சிவப்பு சிக்னலில் நின்றபடி. ஐசே என்றால் நான்தான். சிக்னல் பச்சையாகும். "பார்லியில இருந்து தொடங்கிறதெண்டால் பெரிய பானை வேணும். திரேசா விடமாட்டா." பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். "நடுவில உள்ளது ரெண்டும்கெட்டான்."

"சார், முதல்ல காரை எடுங்க," என்பேன்.

கிராஃப் தாளில் அட்டவணை போட்டார். இரண்டு புத்தகம் வாங்கினார். ஆனால் பியரைப் புளிக்க வைக்கும் வாளி ஒன்றுகூட வாங்கவில்லை, ஏனென்றால் திரேசா அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை. அக்கா சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. கேக்கில் ரம் வாசம் வந்தாலே தட்டை நகர்த்தி வைப்பவர்.

நவம்பரில் ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டார். நானும் அங்கே இருந்தேன், தைரியத்துக்குக் கூப்பிட்டிருந்தார்.

"இஞ்சை பாரும், இது சட்டப்படி சரி. ஒரு ஆளுக்கு வருசத்துக்கு நூறு கேலன் காய்ச்சலாம். வீட்டில பெரியாக்கள் ரெண்டு பேர் எண்டால் இருநூறு. உம்மட பேரிலையும் நூறு இருக்குது."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "என்ர பேரில நூறு கேலனோ?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் மனிதர் உருப்படியாக ஒன்று சொன்னார். யாழ்ப்பாணத்தில் அப்ப மாவைக் கள்ளு விட்டுத்தான் புளிக்க வைப்பார்கள். அமெரிக்காவில் கள்ளுக்கு எங்கே போவது? அக்கா கடை ஈஸ்ட்டைப் போட்டுச் சுட்டுவிட்டு, "உது அப்பமில்லை, வட்டமான பாண்" என்று, பிரெட்டோடு ஒப்பிட்டு, வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"பியர் நுரையும் கள்ளு மாதிரித்தான் திரேசா. உம்மட அப்பத்துக்காகத்தான் யோசிச்சனான்," என்றார், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

அக்கா நம்பவில்லை. ஆனால் அப்ப ஆசை அவரையும் விடவில்லை. "டிசம்பர் ஆறாந் தேதி ஞாயிற்றுக்கிழமை அஞ்சு குடும்பம் சாப்பிட வருது. அண்டைக்கு அப்பம் சரியா வந்தால் உங்கட வாளி இந்த வீட்டில இருக்கட்டும். வராட்டி குப்பை வண்டிக்குத்தான். பேந்து பியர் எண்ட சொல்லே இஞ்ச கேக்கக்கூடாது."

இருந்தது பன்னிரண்டு நாள். இந்த ஆள் அதற்குள் முடிவெடுக்க மாட்டார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். ஆனால் மறுநாள் காலை காரில் ஏறி, பெல்ட் போடுவதற்கு முன்பே, "நடுவில உள்ளதைச் செய்யப்போறன்," என்றார். அந்த வாரம் நான் ஓட்டினேன். திரும்ப வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் காய்ச்சினார். புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. வாளியைக் குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தது புத்தகம். "எந்த மாவு ஐசே குளிரில புளிச்சிருக்குது? வெள்ளைக்காரனுக்கு உது தெரியாது," என்று சொல்லி, குளிர்காலத்தில் அக்கா மாவு வைக்கும் அதே சலவை அறையில், வெந்நீர் டாங்கிக்குப் பக்கத்தில் வைத்து, கம்பளியும் போர்த்திவிட்டார். நானும் அதுதான் சரி என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டிலும் மாவு அடுப்படியில்தான் இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம், மறுநாள் விருந்துக்காக அவர்கள் வீட்டில் நாற்காலிகள் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வாளியின் மூடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது. கூரையில் பழுப்பு நுரை. இஸ்திரி போட்டு மாட்டியிருந்த பாடகர் குழுச் சேலையிலும் நுரை. வெள்ளைச் சேலை.

பஞ்சலிங்கம் சார் குனிந்து வாளியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, கராஜ் பக்கம் நடந்தார். ஐந்து மாதம் அந்த மனிதரை மனதுக்குள் திட்டியவன் நான். அன்று அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கே தாங்கவில்லை.

திரேசா அக்கா சேலையைக் கையில் எடுத்தார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"வையுங்கோ அதை," என்றார்.

"இல்லையப்பா, குப்பைக்கு..." என்று இழுத்தார் சார்.

"சேலையைக் கழுவலாம். நுரையை ஏன் கொட்டுறியள்?"

சமையலறையில் அரிசி மாவு தயாராக இருந்தது. அக்கா அகப்பையை எடுத்துவந்து, வாளியின் மேலே நின்ற நுரையை வழித்து மாவில் போட்டு, கையால் பிசைந்து மூடி வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் கூரையைத் துடைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பம் வந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, தேங்காய்ப்பால் விட்ட இடத்தில் பளபளப்பாக. கடைசியில் நாக்கில் லேசாக ஒரு கசப்பு, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கந்தசாமி அங்கிள் ஓய்வுபெற்ற டாக்டர், எந்த வீட்டுச் சாப்பாட்டிலும் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் கை கழுவுவார். அவர் ஒன்பது அப்பம் சாப்பிட்டுவிட்டு, "பிள்ளை, கள்ளு எங்கால எடுத்தனீ?" என்று கேட்டார்.

"இவர்தான் வடிச்சவர்," என்றார் பாடகர் குழு முன்வரிசை, சபை நடுவே, கூச்சமே இல்லாமல்.

வாளியில் மிச்சமிருந்த பியரைப் புட்டியில் அடைத்து, ஜனவரி நடுவில் திறந்தோம். சூட்டில் புளித்ததன் பலன் அதில் தெரிந்தது. அழுகப்போகும் வாழைப்பழமும் நகப்பூச்சும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. நான் மரியாதைக்காக ஒரு வாய் விழுங்கினேன். அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வந்து, அந்தக் கிளாஸை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மிடறு குடித்தார்.

"சரியான மோசம்," என்றார். வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா கலியாணம், கார், இந்த வீடு, எல்லாம் நான்தான் பிடிச்சுத் தள்ளினது. இது ஒண்டுதான் நீங்களாத் தொடங்கினது."

சாரின் கண் கலங்கியிருந்தது. பியர்தான் காரணம் என்று அவர் சொன்னால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன், அது அப்படிப்பட்ட பியர்.

"இன்னொருக்கா செய்து பாக்கட்டோ?" என்றார் மெதுவாக.

"செய்யுங்கோ. உங்கட நூறு கேலனை என்னவும் செய்யுங்கோ. என்ர நூறு அப்பத்துக்கு."

அடுத்த திங்கட்கிழமை கார் ஓட்டுவது அவர் முறை. புது அட்டவணை வரும், இன்னொரு ஐந்து மாதம் போகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு காரில் ஏறினேன். பெல்ட் லைன் ரோட்டில் சிவப்பு விழுந்தது. நானே கேட்டேன்.

"சார், அடுத்த தடவைக்கு எந்த வழி?"

"நேற்றே காய்ச்சிப் போட்டன் ஐசே. ரெண்டு வாளி. கம்பளி போர்த்தேல்லை," என்றார்.

சிக்னல் பச்சையானது. பின்னால் யாரும் ஹார்ன் அடிப்பதற்குள் காரை எடுத்துவிட்டார்.