ஜிம்மி பேசிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் நாய் ஜிம்மியின் கழுத்துப் பட்டையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதைக் கட்டிவிட்டவர் என் அப்பா. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அப்போது எட்டு வயது. அதற்கு முந்தின வாரம் டி.வி.யில் ஒரு படம் பார்த்திருந்தோம். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த நாய் ஒன்று வெள்ளைக்காரர் வீட்டில் தங்கிவிடும். பட்டையில் உள்ள பொத்தானை அமுக்கிக்கொண்டு நாம் பேச வேண்டும். விட்டதும் அது பதில் சொல்லும். அதுவும் நல்ல தமிழில்! வெள்ளைக்கார நாயே தமிழ் பேசும்போது கும்மிடிப்பூண்டி நாய்க்கு என்ன கேடு என்று நான் செய்த ரகளையில் வீடு ரெண்டுபட்டது.

நைனா இங்கே ஓர் இரும்பு உருக்காலையில் சேஃப்டி ஆபீசர். ஆலைச் சுவரை ஒட்டியே எங்கள் குவார்ட்டர்ஸ். தினமும் காலை ஷிப்ட் தொடங்கும் முன் தொழிலாளிகளை நிற்க வைத்து ஐந்து நிமிடம் பேசுவார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பேசுவார். "அடிபட்டா மறைக்காதீங்கப்பா. இன்னைக்கு மறைக்கிற அடி நாளைக்கு ஆளயே தூக்கிடும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. சுவருக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூட வேனுக்காக நிற்கும் எனக்கே அது மனப்பாடம். ஆலையில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். அந்தச் சமயத்தில் அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த ஞாயிறு மத்தியானம் நைனா ஆலையிலிருந்து இரண்டு வாக்கி டாக்கிகளை எடுத்து வந்தார். ஒன்றை ஜிம்மியின் பட்டையில் இறுக்கிக் கட்டி, பேசுகிற பொத்தானின்மேல் அம்மாவின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். "படத்துல வந்த அதே பட்டை. சாப்பிட்டதும் பேசும் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இன்னொன்றை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். வாக்கி டாக்கி, மாடி சங்கதியெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், சோற்றுத் தட்டை நக்கிக்கொண்டிருந்த நாய் திடீரென்று மூக்கால் பேசியதுதான்.

"இன்னா பாப்பா, சாப்டியா?"

ஐயோ! நான் அலறிய அலறலில் ஜிம்மியே இரண்டடி துள்ளியது. மெல்லப் பக்கத்தில் போய்ப் பொத்தானை அமுக்கி, நீ எந்தக் கிரகம் என்று கேட்டேன். "எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட. லாரிங்க நின்னுக்கினு இருந்துச்சா, அதான் வர லேட்டாயிடுச்சு" என்றது. நம்பினேன். எட்டு வயதில் நம்பாமல் பின்னே எப்போது நம்புவது?

படத்தில் அந்த வீட்டுப் பெண், யாரிடமும் சொல்லாத ரகசியத்தை நாயிடம்தான் சொல்வாள். எனக்கும் ஒன்று இருந்தது. மூன்று வாரமாக நெஞ்சுக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. ஜிம்மியைக் கட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். "ஜிம்மி, அம்மா வழுக்கி விழல. நைனாதான் கையப் புடிச்சு முறுக்கி, செவுத்துல தள்ளுனாரு. டொப்புன்னு சத்தம் கேட்டுச்சு. எனுக்கு நைனாவப் பாத்தா பயமா இருக்குது. நீ எங்களக் கூட்டினு போயிடறியா?"

பொத்தானை விட்டேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. பிறகு வந்தது அந்த மூக்குக் குரல் இல்லை. "அத யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

நைனாவின் குரல்! நாயின் கழுத்திலிருந்து நைனா பேசுகிறார்! ஜிம்மியை விட்டுவிட்டுச் சுவரோடு ஒண்டினேன். அப்போதுதான் மூன்றாவதாக ஒரு குரல், எங்கள் அடுத்த வீட்டுக் கிரேன் ஆபரேட்டர் அண்ணனின் குரல், அதே நாயிடமிருந்து தயங்கித் தயங்கி வந்தது.

"சார்... சேனல மாத்தல நீங்க. மெயின் கேட்டு, கிரேனு, ஃபர்னஸு, எல்லாருக்கும் கேட்டுக்கினு இருக்குது சார்."

ஆலைக்கென்று வைத்திருந்த சேனலிலேயே இரண்டு கருவியும் இருந்திருக்கின்றன. வேலையில் இருந்த அத்தனை பேரும், செக்போஸ்ட் பேச்சுவரை சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். நைனா மாடிப்படியில் இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஜிம்மியின் கழுத்திலிருந்து அதை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து இடது கையாலேயே அவிழ்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல எல்லாரையும் நிற்க வைத்தாராம். வாய் திறந்தாராம், சத்தம் வரவில்லையாம். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்காமலே கலைந்துபோனார்களாம். அன்று சாயங்காலம் கிரேன் அண்ணன் நாலு பேரோடு வீட்டுக்கு வந்து, ஆபீசர் என்றும் பார்க்காமல் நைனாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல் கேட்டார். விஷயம் கேள்விப்பட்டு மீஞ்சூரிலிருந்து என் தாய்மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். ஒரு மாதம் கழித்து நைனா வந்து, மாமா வீட்டு வாசலில் எல்லார் முன்னாலும் அழுதார். திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் கை ஓங்கவில்லை. மாமாவும் கிரேன் அண்ணனும் எனக்குத் தெய்வமானார்கள். இன்றுவரை தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் புதுத்துணி எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

போன வாரம் என் மகள் போனில் அதே மாதிரி ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் நாய்க்கு வாயே அசைகிறது. பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். "யாருக்கும் தெரியாத விஷயத்த ஊரறியச் சொல்லி உன்னத் தல குனிய வெச்சுட்டேன்மா. ஆனா சொன்னதாலதான அவங்கல்லாம் ஓடி வந்தாங்க?"

அம்மா கீரையை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாதுன்னு எவடி உனக்குச் சொன்னது? கட்டு போட்ட அன்னிக்கே உங்க மாமனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கிரேன்காரரு வந்து கையில இன்னாக்கா கட்டுன்னு கேட்டாரு, அவராண்டயும் சொன்னேன். புருஷன் பொண்டாட்டின்னா அப்படி இப்படிதான் இருக்கும், அனுசரிச்சுக்கோன்னாங்க ரெண்டு பேரும். நான் சொன்னப்ப கேக்காத காது, நாயி சொன்னப்புறந்தான் கேட்டுச்சு."