ஐந்து கட்டங்கள், ஒரு டேபிள்

திங்கட்கிழமை காலை, சேலத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு டிரங்க் கால் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையின் நர்ஸ் பிலோமினா.

"பெரிய டாக்டர் போயிட்டாருங்க சார். குளிச்சிட்டு வந்து உக்காந்தாரு. எந்திரிக்கல."

நான் கேட்ட முதல் கேள்வி: "டூட்டியில யாரு?"

வெட்கமாக இருக்கிறது. சாவு என்றதும் யாருடைய தவறு என்று தேடுகிற மனம் எனக்கு. அவரிடம் வேலை பார்த்த நாட்களில் அது முற்றியது.

டாக்டர் அருளப்பன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். தொப்பூர் கணவாயை ஒட்டி, நெடுஞ்சாலையோரம் பதினைந்து படுக்கைகளுடன் மருத்துவமனை நடத்தினார். ஒரே ஆபரேஷன் டேபிள். கணவாயில் லாரி கவிழ்ந்தால் முதலில் வருவது அங்கேதான். படிப்பு முடிந்த கையோடு நான் போய்ச் சேர்ந்தேன்.

முதல் ஞாயிறு, டிவியில் படம் போடுவதற்கு முன், தம் அறைக்குக் கூப்பிட்டார். டிவியோடு ஒரு சின்னக் கம்ப்யூட்டரை இணைத்திருந்தார். மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. டேப்ரிக்கார்டரில் ஆட்டம் பதிந்த கேசட் கீச்சிட்டு ஓடி முடிந்ததும் திரையில் ஐந்து கட்டங்கள். ஐந்தும் ஐந்து நோயாளிகள். டேபிள் ஒன்று. இருபது நொடிக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரே எழுதிய ஆட்டம்.

இரண்டு கட்டங்கள் விடாமல் கத்தின. அவற்றில் ஒன்றை அமுக்கினேன். மூன்றாவது கட்டம் சத்தமில்லாமல் அணைந்தது; அந்த நோயாளி செத்துவிட்டார்.

"சத்தம் போட மூச்சு வேணும் தம்பி," என்றார். "கத்தறவனுக்கு அது இருக்குதுங்க. சும்மா கெடக்கறவனப் பாருங்க."

பிறகு ஒரு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். யார், எந்தக் கட்டம், எத்தனை நொடி. ஒவ்வொரு ஞாயிறும் குறிப்பார். எதற்கென்று சொன்னதில்லை.

"மார்க் போடறாருங்க சார்," என்றார் கம்பவுண்டர். "யார வேலைய வுட்டு அனுப்பலாம்னு. நான் ஒருக்கா வெளையாடி அஞ்சு பேரையும் சாவடிச்சேன். அதுக்கப்பறம் என்னைக் கூப்படறதே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நம்பினேன்.

பிறகு ஒருநாள் கணவாயில் ஒரு வேன் கவிழ்ந்தது. டாக்டர் பெங்களூருக்குப் போயிருந்தார். டூட்டியில் நான் மட்டும்.

எங்கள் பக்கத்தில் அடிபட்டவர்களைத் தூக்கி வருகிறவர்கள்தான் முதலில் வைத்தியம் பார்ப்பார்கள். ரத்தம் அதிகம் தெரிகிறவனை நேரே டேபிளில் கிடத்துவார்கள். எழுந்து நடக்கிறவனுக்கு சோடா வாங்கிக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அன்றும் அப்படித்தான். கால் முறிந்த கிளீனர் டேபிளில் கிடந்து அலறினான். பெஞ்சில் ஒரு இளைஞன், கையில் சோடா பாட்டில்.

"இவரு நல்லாருக்காருங்க டாக்டர். சோடா குடிச்சிட்டாரு," என்றார் தூக்கி வந்த ஓட்டல்காரர்.

நான் கிளீனரைப் பார்த்தேன். கட்டுப்போட்டுத் திரும்பியபோது பெஞ்சில் இருந்தவன் சாய்ந்திருந்தான். வயிறு கல்லாக இருந்தது. மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம். சேலத்துக்கு அனுப்ப வண்டி வருமுன் உயிர் போய்விட்டது. சாயங்காலம் அவனுடைய அண்ணன் மாது உடலை வாங்கிப் போனார். கையெழுத்துக்கு ரிஜிஸ்டரை நீட்டியது நான்தான்.

மறுநாள் திரும்பிய டாக்டர், நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு தனியாக மாதுவின் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் பெயரைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். நோட்டையும் கொண்டுபோயிருப்பார்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் புதிதாக ஒரு நோயாளி. உட்கார்ந்திருக்கிறார். சோடா குடித்திருக்கிறார்.

"சார், இது எனக்காக எழுதினதா?"

"எல்லாருக்கும்தாங்க. வெளையாடுங்க."

மூன்று நொடியில் சரியாக அமுக்கினேன். அந்தக் கட்டம் எரிந்துகொண்டே இருந்தது. அவர் தலையசைத்துவிட்டு நோட்டில் குறித்தார். அந்தப் பேனாவைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது.

மூன்று மாதம் காத்திருந்தேன். மாது வரவில்லை. என்னைத் தேடிப் போலீஸ் வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அது என் சந்தேகத்தைக் கூட்டியது. எதற்கோ சேர்த்து வைக்கிறார். ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அவர் தடுக்கவில்லை. டிவியைக் காட்டிச் சொன்னார்:

"இந்த ஆட்டத்துல ஒரு குறை இருக்குதுங்க தம்பி. செத்தவனுக்கு சொந்தக்காரங்களே இல்ல. அத எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல."

அதையும் என்மேல் எறிந்த கல்லாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடங்கள் கடிதம்கூடப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே மாது நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. என்னை அடையாளம் தெரிந்து, அவரே பேசினார்.

"நீங்க அன்னைக்கு டூட்டியில இருந்தவருதான? பாவம், உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. பெரிய டாக்டரே வூட்டுக்கு வந்து சொல்லிட்டாரு. 'நான்தான் போன்ல யாரை மொதல்ல பாக்கணும்னு சொன்னேன், தப்பு என்னுதுங்க'ன்னாரு. ரெண்டு வருசம் அந்தாள வையாத நாளில்ல. இன்னைக்கு வந்ததே, மண்ணள்ளிப் போட மாட்டேன்னு நின்னு பாத்துட்டுப் போகத்தான்."

அன்று போனே வரவில்லை. பெங்களூரில் அவர் எங்கே தங்கியிருந்தார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இறந்தவர் மறுக்கப்போவதில்லை. உள்ளே ஜெபம் முடிகிற சத்தம் கேட்டது.

"அவரு போன் பண்ணலீங்க," என்றேன். "உங்க தம்பிய பெஞ்சிலயே விட்டது நான்தான்."

மாது ஒரு அடி கிட்டே வந்தார்.

"இத்தன நாளு ஏன் சொல்லல?"

"பயம்தாங்க."

"அவருக்கு மட்டும் பயமில்லியா?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். வரிசையில் எனக்கு முன் அவர்தான். குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"போடுங்கண்ணா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க," என்றது ஒரு குரல்.

போட்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்தார்.

அடுத்தது நான். மண் ஈரமாக இருந்தது.

போய் வாருங்கள், சார். இனி மாதுவின் வீட்டுக்குப் போக வேண்டியவன் நான்.